ரைன் கரையோரம் ஓர் ஒட்டு வேலை

டார்ம்ஷ்டாட்

தோல் பதனிட ஒரு காலத்தில் நாய் மலம் பயன்பட்டது என்பது தோல் தொழில் ஊரான வாணியம்பாடியில் பிறந்து வளர்ந்த எனக்கே டார்ம்ஷ்டாட்டில்தான் தெரிந்தது. நான் தங்கிய வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ரசாயன ஆசிரியர். ஊரின் பெயரைச் சொன்னதும், "அப்படியானால் ஓட்டோ ரோம் உங்களுக்கும் சொந்தக்காரர்தான்" என்று சிரித்தார். நாய் மலத்தைக் கரைத்துத் தோலை ஊறவைத்த வழக்கத்துக்கு முடிவு கட்டியவர் அந்த ரோம். விலங்குக் கணையத்திலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு 'ஓரோபான்' என்ற மாற்றுப் பொருளைச் செய்தார். 1907இல் ஓட்டோ ஹாஸுடன் கூட்டாகத் தொடங்கிய கம்பெனி 1909இல் இந்த ஊருக்குக் குடிவந்தது. அதன் முதல் சோறு தோல் தொழில் போட்டது.

நான் பல் டாக்டர், அங்கே போனது தோலுக்காக இல்லை. ரோம் 1901இல் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் அக்ரிலிக் அமிலம். அந்த ஆசை அவரை விடவில்லை. 1933இல் அவருடைய கம்பெனி 'பிளெக்ஸிகிளாஸ்' என்ற பெயரைப் பதிவு செய்தது. கண்ணாடி போலத் தெளிந்த, கண்ணாடி போலச் சிதறாத பிளாஸ்டிக். மூன்றே ஆண்டில் அது வாய்க்குள் நுழைந்துவிட்டது. 1936இல் குல்ட்சர் நிறுவனம் அதே அக்ரிலிக்கைப் பொடியும் திரவமுமாகக் குழைத்துச் சூட்டில் இறுக வைக்கும் 'பலாடோன்' முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் பல்செட் என்றால் பழுப்பேறிய கெட்டி ரப்பர். 1943 வாக்கில் சூடு இல்லாமலே இறுகும் வழியும் கிடைத்தது. நம்மூர் பல் ஆஸ்பத்திரிகளில் மூக்கைத் துளைக்கும் 'கோல்ட் க்யூர்' வாசனை அந்த வம்சத்தில் வந்தது.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது, அதைத் தேடித்தான் இந்தப் பயணம். இப்போதெல்லாம் தற்காலிகப் பல்லையும் கையால் குழைத்துச் செய்வது குறைந்துவிட்டது. ஆலையில் முன்னமே இறுக வைத்த அக்ரிலிக் கட்டியை, கம்ப்யூட்டர் வரைந்த வடிவில் மில்லிங் எந்திரம் கடைந்து கொடுக்கிறது. இம்பிளான்ட் எலும்போடு சேரும் வரை, ஈறு ஆறும் வரை, தேய்ந்துபோன கடிமானத்தை உயர்த்திப் பார்க்கும் காலம் வரை அது மாதக்கணக்கில் வாயில் நிற்க வேண்டும். நன்றாகவே நிற்கிறது. ஆனால் உடைந்தால்? பழைய கைப்பல் மேல் கோல்ட் க்யூரை வைத்தால் ஒட்டிக்கொண்டு போகும். கடைந்த பல் மேல் வைத்தால் சில நாளில் ஒட்டின இடத்திலேயே விட்டுவிடும். பழைய பல்லுக்கும் புதுப் பல்லுக்கும் பொருள் ஒன்று. ஏன் இந்தப் பாரபட்சம்?

ஆசிரியரிடம் கேட்டேன். அவர் மனைவி மேஜையில் பச்சைச் சாஸை வைத்துக்கொண்டிருந்தார். ஏழு வகைக் கீரையிலைகளை அரைத்துப் புளித்த பாலேடு சேர்த்தது, கூட வேகவைத்த முட்டையும் உருளைக்கிழங்கும். பல் இல்லாதவனும் சாப்பிடலாம். பக்கத்திலேயே கம்பு மாதிரி கறுத்த ரை ரொட்டி இருந்தது, அதன் ஓடு பல் உள்ளவனையும் யோசிக்க வைக்கும். "சாப்பிடுங்கள், பதில் தெற்கே கிடைக்கும்" என்றார் ஆசிரியர். "நான் பாடம் எடுத்தவன்தான். பல் வேலை செய்பவர்களிடம் கேளுங்கள்."

பென்ஸ்ஹைம்

ரயிலில் அரை மணிக்குள் வந்துவிடும் ஊர். மலையோரம் திராட்சைத் தோட்டங்கள், மார்ச் கடைசியில் வெளிர் சிவப்பாகப் பூத்த பாதாம் மரங்கள். ஜெர்மனியின் மற்ற இடங்கள் இன்னும் மேல்கோட்டைக் கழற்றாத நேரம் அது. பல் மருத்துவர்களுக்கு இந்த ஊர் வேறு காரணத்தால் தெரியும். ஸீமென்ஸின் பல் மருத்துவப் பிரிவு இங்கே வளர்ந்து, 1997இல் சிரோனா என்று தனிக்குடித்தனம் போனது. நாற்காலிப் பக்கத்திலேயே பல்லைக் கடையும் எந்திரம் உலகெங்கும் போனது இங்கிருந்துதான். ஆலை வெளியிலிருந்து பார்க்க ஒன்றுமில்லை, மதில், வேலி, நிறுத்தி வைத்த கார்கள். பாதாம் மரங்களைப் பார்த்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

பாட் செக்கிங்கன்

பாசல் தாண்டி ரைனை ஒட்டிக் கிழக்கே போனால் வருகிற சின்ன ஊர். இரட்டைக் கோபுரங்களோடு புனித ஃபிரிடோலின் தேவாலயம், அதன் பின்னால் ரைன், ரைன்மேல் கூரை போட்ட மரப்பாலம். நீளம் 200 மீட்டருக்குச் சற்று மேல். ஐரோப்பாவிலேயே நீளமான கூரைப் பாலம் இதுதான் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். கார்களுக்கு அனுமதி இல்லை. இந்தப் பக்கம் ஜெர்மனி, அந்தப் பக்கம் ஸ்விட்சர்லாந்தின் ஷ்டைன். சாயங்காலம் நாய்களோடு நடப்பவர்கள் ஒரு தேசத்தில் கிளம்பி இன்னொரு தேசத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

வீட்டா நிறுவனம் இருப்பது இங்கே. 1924இல் எஸ்ஸனில் ஹைன்ரிஷ் ரவுட்டர் தொடங்கியது. பல்லின் நிறத்தைப் பார்க்க நாங்கள் கன்னத்துப் பக்கம் பிடித்துப் பார்க்கும் அந்தப் பல் வரிசை, ஏ1 முதல் டி4 வரை 16 நிறங்கள், 1956லிருந்து இங்கிருந்துதான் உலகம் போகிறது. திருப்பத்தூரில் நான் 'ஏ3' என்று எழுதினால் டோக்கியோவில் உள்ளவனுக்கும் அது புரியும். ஆனால் அந்த 16இல் மஞ்சள் கறைக்கு இடமில்லை. தற்காலிக அக்ரிலிக் பல்லோடு ஒருவர் மூன்று மாதம் சாம்பார் சாப்பிட்டால், ரவுட்டரின் எந்தப் பல்லோடும் அது பொருந்தாது. எங்கள் கிளினிக்கில் இந்த வாதம் அடிக்கடி நடக்கும்: "டாக்டர், கொடுத்த கலர் வேற, இப்ப இருக்கிற கலர் வேற."

நான் தங்கிய விடுதியின் சொந்தக்காரி எழுபதைத் தாண்டியவர். நான் பல் டாக்டர் என்று தெரிந்ததும் காலைச் சாப்பாட்டு மேஜையிலேயே வாயைத் திறந்து காட்டினார். மேல் இடப்பக்கம் மூன்று பல் பிரிட்ஜ், இரண்டு இம்பிளான்ட் எலும்போடு சேரட்டும் என்று காத்திருக்கும் தற்காலிகம். நடுப்பல்லும் பக்கத்துப் பல்லும் சேரும் இடத்தில் நூல் மாதிரி ஒரு கோடு, நாக்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் தடிப்பு. ஞாயிற்றுக்கிழமை ரொட்டியின் ஓட்டைக் கடித்ததில் உடைந்தது. உடைந்த துண்டை ஜாம் பாட்டிலில் போட்டு வைத்தாராம். திங்கள் காலை டாக்டர் கழற்றி லேபுக்கு அனுப்பினார், சாயங்காலம் அதே பல் திரும்பி வந்துவிட்டது. "புதுசு கேட்கவில்லையா?" என்றேன். "எதற்கு? இதற்கு என் வாய் பழகிவிட்டது" என்றார். இப்போது ரொட்டி ஓட்டைக் காபியில் நனைத்துச் சாப்பிடுகிறார்.

அந்தத் தடிப்பில்தான் என் கண் இருந்தது. பிரிட்ஜில் பல்லும் பல்லும் சேரும் கழுத்து, நாங்கள் கனெக்டர் என்பது, எப்போதும் பலவீனமான இடம். மரப்பாலத்தில் போகிறபோது உத்திரங்கள் கல்தூணோடு சேரும் இடத்தில் மட்டும் மரம் இரட்டிப்பாக இருப்பதைப் பார்த்தேன். இதைத் தச்சர்கள் முந்நூறு வருடம் முன்னமே தெரிந்துகொண்டார்கள். நாங்களோ அழகு கெடுகிறது என்று கழுத்தை இளைக்க வைக்கிறோம்.

சூரிச்

1985 செப்டம்பர் 19. சூரிச் பல்கலைக்கழகப் பல் மருத்துவமனையில் வெர்னர் மோர்மான் ஒரு நோயாளியின் வாயை அங்கேயே கேமராவில் படம்பிடித்து, பல்லில் பொருத்தும் துண்டை அங்கேயே எந்திரத்தில் கடைந்து, அன்றே ஒட்டினார். எந்திரத்தை உருவாக்கியவர் மார்கோ பிரான்டெஸ்டினி என்ற பொறியாளர். அன்று கடைந்தது பீங்கான். பிளாஸ்டிக் கட்டிகள் பின்னால் வந்து சேர்ந்தன. பிளாட்டன் தெருவின் அந்தக் கட்டடத்தின் எதிரே நின்று ட்ராம்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

என் கேள்விக்குப் பதில் கிடைத்தது நகரத்தின் வடக்கு ஓரத்தில், ஒரு சின்ன லேபில். சென்னையில் என்னோடு படித்த நண்பர் மூலம் கிடைத்த அறிமுகம். யாழ்ப்பாணத்துப் பெற்றோர், 83க்குப் பிறகு வந்தவர்கள். அப்பா ஹோட்டல் அடுப்படியில் வேலை செய்து படிக்க வைத்திருக்கிறார். மகள் நான்கு வருடத் தொழில் பயிற்சி முடித்து, இப்போது பல் லேபின் பொறுப்பில் இருக்கிறார்.

"வாங்கோ அண்ணா, இருங்கோ. முதல்ல தேத்தண்ணி, பிறகு பல்லு."

இஞ்சித் தேநீரோடு ஒரு தட்டில் முறுக்கு வந்தது, அம்மா சுட்டதாம். மேஜையில் ஒரு உடைந்த பிரிட்ஜ் இருந்தது, அதுவும் கடைந்தது. என் கேள்வியைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, முறுக்கில் ஒன்றை எடுத்து உடைத்துக்கொண்டே சொன்னார்:

"கையால குழைச்சதில கொஞ்ச மொனோமர் மிச்சம் இருக்கும் அண்ணா, வேகாமல் கிடக்கும். அதில புதுசை வைச்சால் பிடிக்கும். இது ஃபாக்டரியில சூடும் அழுத்தமும் குடுத்து நல்லா இறுக்கினது. உள்ள மிச்சம் ஒண்டும் இல்லை. நல்லா இறுகினதெண்டால் வேற ஒண்டுக்கும் இடம் தராது."

இதுதான் விஷயம். கடைந்த பல் வலுவாக இருப்பதற்கும், அதை ஒட்டுவது கஷ்டமாக இருப்பதற்கும் ஒரே காரணம். எச்சமாகக் கிடக்கும் மொனோமர், அதாவது இறுகாத அக்ரிலிக் திரவம், குறைவு என்பதால் ஈறுக்கும் நல்லது, உடைவதும் குறைவு. அதே காரணத்தால் புதிய அக்ரிலிக் கைகோக்க அங்கே விரல்கள் இல்லை. பிறகு எப்படி ஒட்டுகிறது? மொனோமர் மேல்பரப்பில் ஊறி, பழைய சங்கிலிகளை லேசாக உப்ப வைத்து, அந்த இடைவெளியில் இறுகினால் பழையதும் புதியதும் பின்னிக்கொள்ளும். அதற்கு நேரம் வேண்டும். பழைய பல்செட் அக்ரிலிக்கை ஒட்டும் முன் மொனோமரில் 3 நிமிடம் நனைத்தால் வலு கூடுகிறது என்று பின்லாந்தின் பெக்கா வல்லித்துவும் சகாக்களும் 1994இலேயே காட்டியிருக்கிறார்கள். சங்கிலிகளுக்கு இடையே குறுக்குக் கட்டு அதிகமுள்ள கட்டிகள் இன்னும் பிடிவாதக்காரர்கள், அவ்வளவு சீக்கிரம் உப்பாது.

"மொனோமரைப் பூசிப்போட்டு உடனே மேல வைக்கிறவை கனபேர். ஆக்களுக்கு அவசரம்" என்றார். பிறகு வேலையைத் தொடங்கினார், நான் முறுக்கோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் உடைந்த முகத்தை, அதாவது முறிந்த பரப்பை, பூதக்கண்ணாடியில் பார்த்தார், தொடவில்லை. பிறகு துண்டுகளைச் சரியாகப் பொருத்தி, அசையாமல் இருக்க அடியில் பிளாஸ்டர் அச்சு வைத்தார். அதன்பின் மறுபடி பிரித்து, உடைந்த ஓரங்களை இரண்டு பக்கமும் சாய்வாக இழைத்து வாயகன்ற பள்ளமாக்கினார். ஒட்டுக்குப் பரப்பு கிடைக்க வேண்டும். மெருகான முகத்தில் எதுவும் பிடிக்காது என்று 50 மைக்ரான் அலுமினா மணலை மெல்லிய அழுத்தத்தில் அடித்தார். அடித்த பிறகு விரல் படக் கூடாது, விரலின் எண்ணெயே போதும் வேலையைக் கெடுக்க. காற்றடித்துத் தூசி போக்கி, மெதில் மெத்தாக்ரிலேட் கலந்த இணைப்புத் திரவத்தைத் தடவி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில்தான் தன் அம்மாவின் ஊர்க் கதை முழுக்கச் சொன்னார். பீங்கானுக்குப் போடும் அமிலமும் சிலேனும் இந்த வெறும் பிளாஸ்டிக்கில் வேலைக்காகாது, கண்ணாடித் துகள் எதுவும் இல்லாத இடத்தில் அவை பிடிக்க ஒன்றுமில்லை. அதைக் கேட்டுக்கொள்ளாமல் பூசுகிறவர்களும் உண்டு என்றார்.

பிறகு அக்ரிலிக். கழுத்தின் நாக்குப் பக்கம் கண்ணாடி இழை ஒரு கட்டு, அதன்மேல் புதிய அக்ரிலிக்கைப் பழைய அளவுக்கு மேலேயே நிரப்பி, வெந்நீர் உள்ள அழுத்தப் பானையில் வைத்தார்: சுமார் 45 டிகிரி, 2 பார், பத்துப் பதினைந்து நிமிடம். அழுத்தம் இல்லாவிட்டால் உள்ளே குமிழி, குமிழி இருக்கும் இடத்தில் அடுத்த உடைப்பு. எங்கள் ஊர் லேபில் இதற்கு வேறு ஏற்பாடு. மூடியில் சைக்கிள் டியூப் வால்வைப் பொருத்திய பிரஷர் குக்கர், கீழே பம்ப் அடிக்க ஒரு பையன். அதைச் சொன்னதும் அவர் முதல்முறையாகச் சிரித்தார். "அது நல்லது அண்ணா. இந்தப் பானை விலையைக் கேட்டால் நீங்களும் குக்கரே எடுப்பியள்."

ஆனால் உண்மையில் தினமும் இப்படி ஒட்டுகிறாரா? இல்லையாம். பெரும்பாலும் மறுபடி கடைந்துவிடுவார்கள். "இஞ்ச என்ர ஒரு மணித்தியாலம் அந்தக் கட்டியை விட விலை கூட. ஃபைல் கம்ப்யூட்டரில கிடக்கு, பட்டனை அமத்தினால் புதுசு வந்திடும்." நம்மூரில் தலைகீழ்: கட்டிக்குத்தான் காசு, கைக்கு மலிவு, அதனால் நாங்கள் ஒட்டுகிறோம். மறுபடி கடைவது பணக்கார நாட்டின் புத்தி, ஒட்டுவது ஏழை நாட்டின் புத்தி என்று அதைச் சொல்லிவிடலாம். அவர் அப்படி விடவில்லை.

"அதே ஃபைலை அப்பிடியே திருப்பி வெட்டினால் அதே இடத்திலதான் திருப்பி உடையும் அண்ணா. ஏன் உடைஞ்சது எண்டு முகத்தைப் பாக்காமல் பட்டனை அமத்தக்கூடாது. கனெக்டர் 12 சதுர மில்லிமீட்டருக்குக் குறைவாப் போனால் நான் வெட்டவே மாட்டன்."

பூதக்கண்ணாடியில் உடைந்த முகத்தை முதலில் பார்த்தது இதற்குத்தான். விரிசல் எங்கே தொடங்கி எங்கே ஓடியது என்று அந்த முகத்தில் கீறல் கீறலாக இருக்கும். ஓரத்தில் தொடங்கியிருந்தால் கடிமானம் தப்பு, கீழ்ப்பக்கம் தொடங்கியிருந்தால் கழுத்து இளைப்பு, நடுவில் குமிழி இருந்தால் வேலையில் பிழை. எனக்கு அந்தப் பிரிட்ஜின் முகத்தைக் காட்டினார். கீழ்ப்பக்கம். ஒட்டி முடித்த கையோடு ஃபைலையும் திறந்து கழுத்தைத் தடிப்பாக்கி வைத்துக்கொண்டார், அடுத்த முறைக்கு. ஒட்டியது எத்தனை நாளுக்கு? "புதுசு வாற வரைக்கும் நிண்டால் போதும். அதுக்கு மேல நிண்டால் சந்தோசம்."

ஷான்

லிச்சென்ஷ்டைனுக்கு ரயிலில் போய் பஸ் மாற வேண்டும். 160 சதுர கிலோமீட்டர் நாடு, நம் சின்னத் தாலுகா அளவு. ஒரு பக்கம் ரைன், இன்னொரு பக்கம் நிமிர்ந்த மலை, மலை உச்சியில் இன்னும் பனி. தலைநகர் வாடுஸிலிருந்து ஸ்விட்சர்லாந்துப் பக்கம் செவலனுக்குப் போகும் பழைய மரப்பாலம் 1901இல் கட்டியது, 135 மீட்டர். பாட் செக்கிங்கனில் பார்த்த அதே ஆறுதான், அதே மாதிரிக் கூரைப் பாலம்தான், நடுவில் கோடு போட்டு எல்லை காட்டியிருக்கிறார்கள்.

இவோக்ளார் இங்கே, ஷானில். 1923இல் சூரிச்சில் பிறந்து 1933இல் இங்கே வந்தது. தற்காலிகப் பல்லுக்கென்றே அவர்கள் செய்யும் அக்ரிலிக் கட்டி டெலியோ கேட், 12 மாதம் வரை வாயில் வைக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். நம் நோயாளிகளில் அதை ஒன்றரை வருடம் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, நிரந்தரப் பல்லுக்குப் பணம் சேரவில்லை என்பதால். கட்டியைச் செய்தவனின் கணக்கும் வாயில் வைத்திருப்பவனின் கணக்கும் வேறுவேறு. அந்த ஆறு மாதக் கூடுதலில் விழும் உடைப்புகள் எல்லாம் ஒட்டுகிறவன் தலையில் விழுகின்றன.

ஊர்க் கடையில் ஒரு வயதான லேப் தொழிலாளியைச் சந்தித்தேன், ஓய்வு பெற்றவர். ரிபல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மக்காச்சோள ரவையை உதிரி உதிரியாகக் கிளறியது, கூடவே பழக் கூழும் பால் காபியும். எனக்கும் ஒரு தட்டு வரவழைத்தார். பல் நோவுக்காரன் வாயிலும் போகும். நாற்பது வருடம் அக்ரிலிக்கோடு இருந்த கைகளின் விரல் நுனிகளில் தோல் தடித்து வெடித்திருந்தது. மொனோமர் ஒத்துக்கொள்ளாமல் வருவது அது. கையுறை போட்டாலும் அது ஊடுருவும் என்று அவர் தெரிந்துகொண்டபோது விரல்கள் கெட்டுவிட்டன. வாய்க்குள் வைத்தே ஒட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம்: அந்தத் திரவமும் இறுகும்போது வரும் சூடும் வெட்டிய பல்லுக்கும் ஈறுக்கும் வேண்டாதவை. கழற்றி, வெளியே ஒட்டி, மறுபடி வைக்க வேண்டும். வைக்கும்போது கிராம்பெண்ணெய் கலந்த தற்காலிக சிமென்ட் வேண்டாம், அந்த எண்ணெய் அக்ரிலிக் இறுகுவதைத் தடுக்கும். நாளைக்கு மறுபடி ஒட்ட வேண்டி வந்தால் அது முன்னால் வந்து நிற்கும்.

"எத்தனை முறை ஒட்டலாம்?" என்று கேட்டேன். அவர் ஸ்பூனை வைத்துவிட்டு ஒரு விரலைக் காட்டினார். "ஒரே இடம் இரண்டாம் முறை உடைந்தால் அந்த இடமே உங்களிடம் எதோ சொல்கிறது. ஒட்டாதீர்கள், வடிவத்தை மாற்றுங்கள்." சூரிச்சில் கேட்டதைத்தான் இவரும் சொன்னார், தொழிலில் நாற்பது வருடம் வித்தியாசம் உள்ள இருவர்.

ஊர் திரும்பியதும் எங்கள் லேபில் இரண்டு மாற்றம் செய்தோம். இணைப்புத் திரவம் தடவிய பின் பார்க்க ஒரு கடிகாரம், உடைந்த முகத்தைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி. குக்கர் அப்படியே இருக்கிறது, அதற்கு ஒன்றும் குறையில்லை.

படிக்கிறவர்களில் தற்காலிகப் பல் உள்ளவர்கள் இருக்கலாம். உடைந்தால் ஃபெவிக்விக் வைத்து நீங்களே ஒட்டாதீர்கள். அது உடைந்த முகத்தை மூடிவிடும், பிறகு நாங்கள் எதைச் செய்தாலும் அதன்மேல்தான் செய்ய வேண்டியிருக்கும். துண்டைத் தூக்கியும் எறியாதீர்கள். மூடியுள்ள சின்ன டப்பாவில் போட்டு, உடைந்தபோது என்ன கடித்தீர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, மறுநாளே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.